நடு அலமாரி வீடு

இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குள் வருகிறவன் செருப்பைக் கழற்றும் முன்பே போனுக்கு சார்ஜ் போட எங்கே துளை இருக்கிறது என்றுதான் தேடுகிறான். சுவரைப் பார்ப்பதில்லை. சுவரில் இருக்கும் ஓட்டையைத்தான் பார்க்கிறான். "வீடு சூப்பரா இருக்கு" என்பான். எது சூப்பர் என்று திருப்பிக் கேட்டால் முழிப்பான். தலைக்கு மேலே என்ன நிற்கிறது, அது எதன் மேல் நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்கிற ஆளை நான் கண்டு பல வருஷம் ஆகிறது.

நீங்களும் அப்படித்தான் வந்தீர்கள், இன்ஜினியர் அம்மா. கோபித்துக்கொள்ள வேண்டாம். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் டேப், கூட ஒரு ஆள். இடிந்து கிடந்ததை நாலு பக்கமும் போட்டோ எடுத்தீர்கள். அரை மணி நேரம். பிறகு அறிக்கை வந்தது. தம்பி மனைவி எனக்குப் படித்துக் காட்டினாள். "மிகப் பழைய கட்டடம். கட்டுமானம் தரமற்றது. கூடத்தின் கூரை தானாகச் சரிந்தது. ஒருவர் மரணம்."

தரமற்றது என்று இருந்த இடத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

அதைச் சொல்லத்தான் இன்று காலையில் உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க பெரியவரே, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று நாலு தாளும் ஒரு பேனாவும் கொடுத்து இந்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனீர்கள். நான் ஐந்தாம் வகுப்பு பாதியில் நின்றவன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். விஷயத்தில் கோணல் இருக்காது.

அந்த வீட்டைக் கட்டியது என் அப்பா. கொத்தனார். அவருக்குக் கையாள் நான். முதலில் கட்டியது முன்னறையும் அதற்குப் பின்னால் சமையல்கட்டும். பள்ளமான மனை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும். மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிவிட்ட இடம் என்பதால்தான் எங்கள் கைக்கு வந்தது. உடைந்த செங்கல்லும் சாம்பலும் கொட்டி, இடித்து, இடுப்பளவு ஆழத்துக்குக் கருங்கல் அஸ்திவாரம் போட்டார். சுவர் ஒன்றரை அடி கனம். சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, நுரை அடங்கும்வரை காத்திருந்து பூசிய சுவர். நீங்கள் வந்தபோது முன்னறை எப்படி நின்றது என்று பார்த்தீர்களா? பக்கத்தில் ஒரு கூரையே விழுந்து கிடக்கிறது, முன்னறைச் சுவரில் ஒரு கீறல் கிடையாது. தரமற்றதாம்.

கூடம் கட்டியது எனக்குப் பதினைந்து வயதில். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கூடத்துக்கு நடுவில் ஒரே உத்தரம், சுவருக்குச் சுவர். அதன் மேல் இரண்டு பக்கமும் சிறு கட்டைகள். கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புத் தளம். ஆகக் கூடத்தின் மொத்த பாரமும் அந்த ஒரு கட்டையின் முதுகில். அப்பா அதை இடித்த கிடங்கு ஒன்றிலிருந்து வாங்கி வந்தார். நல்ல கட்டைதான். நடுவில் ஒரு முடிச்சு இருந்தது, குழந்தையின் கை முட்டி அளவுக்கு. "முடிச்சு இருக்கேப்பா" என்றேன். "நீ எனக்குக் கத்துக் குடுக்கிறியா?" என்றார். நான் கட்டையின் மறுமுனையைத் தூக்கினேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அந்த முடிச்சில் உத்தரம் விரிந்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். மேலிருந்து மண் உதிர்ந்தது. தம்பிக்கு அப்போது ஒரு வயது, சரியாக அதற்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தான். அவனை அள்ளிக்கொண்டு வெளியே ஓடியவன் நான். எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது வித்தியாசம். எங்கள் அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டியதும் நான்தான். இதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் வராது.

அப்பா அன்றைக்கே ஒரு தூணைக் கொண்டுவந்து விரிசலுக்கு நேர் கீழே முட்டுக் கொடுத்தார். தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இரண்டு ஆப்பு, எதிரும் புதிருமாக. நான்தான் சுத்தியலால் அடித்தேன். அடிக்க அடிக்க உத்தரம் மெல்ல மேலே ஏறி விரிசல் மூடிக்கொண்டது. அந்த முட்டு மலையைத் தாங்கும்.

ஆனால் அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வேலை கொடுக்கிறவர்கள் எல்லாம் அந்தக் கூடத்தில்தான் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். கொத்தனார் வீட்டிலேயே முட்டுக் கொடுத்து நிற்கிறது என்று ஒருத்தன் பார்த்தால் போதும், ஊர் முழுக்கச் சிரிக்கும். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தூணைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பலகைத் தட்டு போட்டு, கதவு மாட்டி, அதை ஓர் அலமாரி ஆக்கிவிட்டார். கூடத்தின் நட்டநடுவில், கூரை முட்ட ஓர் அலமாரி.

வந்தவன் எல்லாம் கேட்டான், "என்ன மேஸ்திரி, நடு வீட்டுல கொண்டுபோய் அலமாரியை வெச்சிருக்கீங்க?"

"உன் வீட்டுல சுவத்தோரமா வெச்சுக் குடுக்கிறேன். என் வீட்டுல நான் எங்க வேணா வெப்பேன்" என்பார். அவன் சிரித்துக்கொண்டு போவான். அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர் கூட நடு அலமாரி வீடு என்றுதான் சொல்வார்.

என்னிடம் மட்டும் அப்பா தனியாகச் சொன்னார். "உள்ள என்ன இருக்குன்னு நீ வாயைத் திறந்தா, அன்னிக்கே நம்ம பொழப்பு போச்சு. யாருகிட்டயும் சொல்லக் கூடாது. தம்பி பெரியவன் ஆனா அவன்கிட்டயும்தான்."

சரி என்றேன். ஐம்பத்தேழு வருஷம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன். ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பு அடிக்கும்போது அலமாரிக்கு வெளியே தெரிகிற விரிசல் நுனியை மக்கு வைத்து அடைப்பேன். யாருக்கும் தெரியாது. இந்தக் காலத்தில் சொன்ன சொல்லை ஐம்பத்தேழு நாள் காப்பாற்றுகிறவனைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

தம்பி படித்தான். நாற்காலி வேலைக்குப் போனான். அப்பா கடைசியில் வீட்டை அவன் பெயருக்கு எழுதி வைத்தார். என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னார், மறைக்கவில்லை. "உனக்குக் கையெழுத்தே ஒழுங்கா வராது. வரி கட்டணும், ஆபீஸ் ஏறி இறங்கணும். அவன் பேர்ல இருக்கட்டும். இருக்கப் போறது ரெண்டு பேரும்தானே." நான் தலையாட்டினேன். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. முன்னறை எனக்குப் போதுமாக இருந்தது. அந்த அறையின் செங்கல் அத்தனையும் என் தலைமேல் வந்தது. எந்த வரிசையில் எது சூளையில் கருகினது என்று இருட்டில் தடவிச் சொல்வேன்.

தம்பி தங்கமானவன் என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போதும் சொல்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தபோது, "எங்கே வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்றான். கூடத்துக்கு நடுவில் வைக்கச் சொன்னேன். ஆயிரம் லிட்டர். தண்ணீர் நிரம்பினால் ஒரு டன் பாரம். கீழே தூண் இருக்கும்வரை வீட்டிலேயே கெட்டியான இடம் அதுதான். அன்றைக்கு நான் சொன்னது சரியான யோசனை. எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புவது என் பொறுப்பு ஆனது.

போன சித்திரையில் தம்பி ஓய்வு பெற்றான். ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க மாட்டான் அம்மா. வீட்டில் எதையாவது நோண்டுவான். யாரோ நண்பன் வீட்டில் பெரிய கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். நடுவில் ஒன்றும் இல்லாமல், ஒரு பக்கம் சோபா, ஒரு பக்கம் டிவி. அது மாதிரி வேண்டும். அலமாரியை எடுத்துவிட வேண்டும். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை.

"அண்ணே, உங்க ரூமையும் கொஞ்சம் சரி பண்ணலாம்னு இருக்கேன். பையன் குடும்பத்தோட வந்தா தங்கறதுக்கு இடமில்ல. நீங்க பின்னாடி அந்த ஸ்டோர் ரூமை எடுத்துக்குங்க. ஃபேன் போட்டுக் குடுத்துடறேன்."

"அதுல ஜன்னல் இல்லையேடா" என்றேன்.

"எக்ஸாஸ்ட் வெச்சுடலாம்ணே."

சமையல்கட்டில் இருந்து அவன் மனைவி, "மாமாவை எதுக்குங்க அங்க தள்றீங்க? பையன் வர்றதே வருஷத்துக்கு ஒரு வாரம். அதுல ரெண்டு நாள் தூங்கியே கழிச்சுடுவான்" என்றாள். அவள் அப்படிப்பட்டவள். வாய் உண்டு, வஞ்சம் கிடையாது.

"நீ சும்மா இரு. அண்ணன் என்ன ரூமுக்குள்ள பந்தா விளையாடப் போறார்?" என்றான் தம்பி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

நான் சொன்னேன், "இது நான் கட்டின ரூம்டா."

"கட்டினது நீங்கதான், யாரு இல்லைன்னா? கொத்தனார் கட்டின வீட்டுல எல்லாம் அவரே குடியிருக்கணும்னா ஊர்ல யாருக்குண்ணே வீடு இருக்கும்?"

அதற்கும் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. நானும் ஒரு மாதிரி சிரித்து வைத்தேன். அன்று மாலையே ஸ்டோர் ரூமைப் போய்ப் பார்த்தேன். அப்பா அதைச் சுண்ணாம்பு மூட்டை போட்டு வைக்கக் கட்டினார். ஆறடிக்கு நாலடி. கால் நீட்டினால் கதவில் இடிக்கும்.

காண்ட்ராக்டர் வருவதற்கு முந்தின நாள், நான் வழக்கம்போல விரிசலுக்கு மக்கு வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கவனமாக வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூளும் பசையும் கலந்து, கட்டையின் ரேகை கூட வரும்படி கம்பியால் கீறி, மேலே பழைய வர்ணம். காண்ட்ராக்டர் வந்து அண்ணாந்து பார்த்தார். ஒருத்தராவது அண்ணாந்தாரே என்று எனக்குக் கூட மரியாதை வந்தது. "கட்டை கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். அலமாரியைத் தட்டினார். "சும்மா செங்கல். ஒரு நாள் வேலை." போய்விட்டார். அவ்வளவுதான் அவர் படிப்பு.

தம்பிக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இதை மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை. அவன் என் அறை வாசலில் வந்து நின்று கேட்டான். "அண்ணே, அப்பாகூட இருந்து கட்டினது நீங்கதான். அந்த ஆள் சொல்றதை விடுங்க. நீங்க சொல்லுங்க. அதை எடுத்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அலமாரிதானடா" என்றேன்.

"அது போதும்ணே. நீங்க சொன்னா சரி" என்று போனான். அப்பாவுக்குக் கொடுத்த சொல் ஒன்று இருக்கிறது, அதை நான் எப்படி மீறுவது? தம்பியிடமும் சொல்லக் கூடாது என்றுதானே அப்பா சொல்லியிருந்தார்.

இடிக்க ஓர் ஆள் வந்தார். நடுத்தர வயது, பேச்சு அதிகம். தம்பி டைல்ஸ் பார்க்கக் கடைக்குப் போயிருந்தான். தூசி கிளம்பும் என்று தம்பி மனைவி பின்கட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் செங்கல் எல்லாம் இறங்கிவிட்டது. பிறகு அந்த ஆள் என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, உள்ள ஒரு தூண் நிக்குதே. மேல முட்டிக்கிட்டு நிக்குற மாதிரி இருக்கு. எடுக்கலாமா, வீட்டுக்காரர் வரட்டுமா?"

"அலமாரிக் கதவு மாட்ட வெச்ச கால்தான். எடுங்க" என்றேன்.

ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கடப்பாரையால் நெம்பினார். அதற்கும் அசையவில்லை. "எந்தப் புண்ணியவான் வெச்சானோ, என் பொண்டாட்டி மாதிரி நிக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல வேலையை அவருக்கும் அடையாளம் தெரிந்திருக்கிறது.

அந்த ஆப்பை எந்தப் பக்கத்திலிருந்து தட்டினால் கழலும் என்று உயிரோடு இருப்பவர்களில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சுத்தியலை வாங்கினேன். எழுபத்தைந்து வயதில் ஸ்டூல் மேல் ஏறி நிற்பது லேசில்லை, அவர்தான் என் காலைப் பிடித்துக்கொண்டார். முதல் ஆப்பு மூன்று தட்டில் வந்தது. இரண்டாவது ஒரே தட்டில் தெறித்து விழுந்தது. உத்தரம் நகக்கண் அளவுக்கு இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னமோ சத்தம் கேட்டுச்சே?" என்றார்.

"பழைய வீடு. முனகத்தான் செய்யும்" என்றேன்.

தூணை விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நீங்கள் இடிபாட்டில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. வேலை நடக்கிறது என்று அன்று காலை நான் தண்ணீர் ஏற்றவில்லை. தொட்டி காலி. அதனால் உத்தரம் பாதி உடம்போடு நின்றது. இது அப்பாவின் வேலைக்குச் சாட்சி என்று நான் சொல்லுவேன். முட்டும் இல்லாமல், விரிந்த கட்டையின் மேல் ஒரு தளம் முழு ராத்திரி நின்றது. அதன் கீழே இரண்டு பேர் படுத்துத் தூங்கினார்கள். தரமற்ற கட்டுமானம் என்றால் நிற்குமா?

மறுநாள் காலை தம்பி ரொம்ப சந்தோஷமாக இருந்தான். கூடம் அகலமாகத் தெரிந்தது, அது உண்மைதான். சோபா எங்கே வரும், டிவி எங்கே வரும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி நடுவில் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"மாமா, குளிக்கத் தண்ணி வரல" என்றாள்.

"போடறேன்மா" என்றேன். தண்ணீர் ஏற்றுவது என் பொறுப்பு என்று முன்பே எழுதியிருக்கிறேன். மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்ப இருபது நிமிஷம் ஆகும். பின்கட்டில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். காலித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் வேறு, பாதித் தொட்டியில் விழும் சத்தம் வேறு. பாதிக்கு மேல் ஏறியதும் தம்பி மனைவியைக் கூப்பிட்டேன்.

"அம்மாடி, இங்க சாக்கடை அடைச்சுக்கிட்டு நிக்குது. கொஞ்சம் வா."

"டேப்பை விட்டுட்டு எங்க போற?" என்று தம்பி உள்ளேயிருந்து கத்தினான்.

"வந்துடறேன், நீங்களே அந்த முனையில ஒரு கல்லை வைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சாக்கடையைப் பார்த்தாள். "நல்லாத்தானே போகுது மாமா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் விழுந்தது.

அதன் பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அந்தப் பகுதியில் தப்பு ஒன்றும் இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயம் அம்மா. "தரமற்றது", "தானாக" என்று போட்டிருக்கும் இரண்டையும் அடித்துவிடுங்கள். அப்பா கட்டியது எதுவும் தானாக விழாது. அவருடைய உத்தரத்தில் ஒரு முடிச்சு இருந்தது, அதற்கு அவரே வைத்தியமும் பார்த்துவிட்டுப் போனார். வைத்தியத்தை எடுத்தார்கள், விழுந்தது. எடுக்க வேண்டும் என்று சொன்னது வீட்டுக்குச் சொந்தக்காரன். ஒரு செங்கல்லைக் கூட நான் இடிக்கவில்லை. ஆப்பு செங்கல்லில் சேராது.

நீங்கள் இதைப் படித்துவிட்டு வேறு எதையாவது பெரிதாக நினைப்பீர்கள் என்று தெரியும். படித்தவர்கள் அப்படித்தான். வீட்டைப் பற்றிச் சொன்னால் மனுஷனைப் பற்றிக் கேட்பார்கள். இங்கே உட்கார்ந்து இவ்வளவு எழுதியும் நான் செய்ததில் எந்த இடம் தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. முன்னறை நின்றுவிட்டது. அதை ஒட்டின சமையல்கட்டும் நின்றுவிட்டது. நானும் தம்பி மனைவியும் அங்கேதான் இருக்கிறோம். வேளைக்குச் சோறு போடுகிறாள். ஒவ்வொரு தடவையும் தட்டை வைக்கும்போது, "அன்னிக்கு நீங்க கூப்பிடலைன்னா நானும் போயிருப்பேன் மாமா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் தட்டை இழுத்துக்கொள்கிறேன். சாப்பிடுகிறேன்.

தாள் முடிந்துவிட்டது. உங்கள் மீட்டிங் முடிந்த மாதிரி தெரியவில்லை. இதைப் பேனாவோடு உங்கள் மேஜையில் வைத்துவிட்டு நான் நடக்கிறேன். கீழே வாசலில் தம்பி மனைவி எனக்காக நிற்கிறாள். இந்தப் படியில் நான் தனியாக இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், பாதியில் வந்து கையைப் பிடிப்பாள். இவ்வளவு நேரம் அப்படி என்ன எழுதினீங்க மாமா என்று கேட்பாள். வீட்டைப் பத்திம்மா என்று சொல்லப் போகிறேன்.

அது பொய் இல்லை.